நாய்க்கென்று ஒரு பொருள்: வீட்டுச் சாமான்களைக் கடிக்காமல் பழக்கும் முறை

வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் சொந்தமாகச் சில பொருட்கள் இருக்கும். தாத்தாவுக்குச் சாய்வு நாற்காலி, ஆயாவுக்கு வெற்றிலைப் பெட்டி, பிள்ளைகளுக்குப் பள்ளிப் பை, எல்லோருக்கும் தனித்தனிச் செருப்பு. நாய்க்குப் பெரும்பாலும் ஒரு தட்டும் ஒரு சங்கிலியும்தான் இருக்கின்றன. தன்னுடையது இது, மற்றவருடையது அது என்று பிரித்துக் காட்டப்படாத நாய்க்கு வீட்டிலுள்ள எல்லாப் பொருளும் ஒன்றுதான். செருப்பும் ரிமோட்டும் கோரைப்பாயும் அதன் கண்ணுக்கு வாயில் வைத்துப் பார்க்கவேண்டிய பொருட்கள், அவ்வளவே.

கடிப்பது நாயின் பல்லுக்கும் தாடைக்கும் மனத்துக்கும் தேவையான வேலை. அதை அடியோடு நிறுத்த முடியாது. எதைக் கடிக்கலாம் என்று கற்றுக்கொடுக்க முடியும். அதற்கான வழிகளைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டை போன்ற ஊரின் வீடு, வாசல், கழனி ஆகியவற்றை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் சொல்கிறது. நாட்டு நாயானாலும் சிப்பிப்பாறையானாலும், இப்போது சிற்றூர்களுக்கும் வந்துவிட்ட லாப்ரடாரானாலும் முறை ஒன்றுதான்.

ஏன் கடிக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஒரே செருப்பைக் கடிக்கும் இரண்டு நாய்களுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். காரணம் தெரியாமல் செய்யும் வைத்தியம் பலிக்காது. வயதிலிருந்து தொடங்குவோம்.

*பல் முளைக்கும் பருவம்.* குட்டிக்குப் பிறந்த மூன்றாவது வாரத்தில் பால்பல் முளைக்கத் தொடங்கும். இரண்டு மாதத்துக்குள் 28 பால்பற்களும் வந்துவிடும். நான்காவது மாதத்தை ஒட்டி அவை விழ ஆரம்பித்து, ஆறு அல்லது ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் நிறைந்துவிடும். இந்த மாதங்களில் ஈறு வீங்கி நமைச்சல் எடுக்கும். எதையாவது அழுத்திக் கடித்தால்தான் குட்டிக்குச் சற்று இதமாக இருக்கும். வீட்டுத் தரையில் அரிசி மணி போன்ற சின்னப் பல் கிடந்தால் பயப்பட வேண்டாம். கடித்த பொருளில் லேசான ரத்தக்கறை தெரிந்தாலும் அது பெரும்பாலும் இதனால்தான்.

*வாலிபப் பருவம்.* ஏழெட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை தாடைக்கு முழு வலு வந்திருக்கும், அடக்கம் வந்திருக்காது. நாற்காலிக் கால், கதவுச் சட்டம், சைக்கிள் சீட் எல்லாம் பாழாவது இந்தக் காலத்தில்தான். ‘பல் முளைத்து முடிந்துவிட்டதே, இன்னும் ஏன்?’ என்று பலர் மனம் விட்டுப்போவதும் இப்போதுதான். பொறுமை அதிகம் வேண்டிய காலம் இது.

*சலிப்பு.* நாள் முழுவதும் கட்டிக் கிடக்கும் நாய் எட்டும் தூரத்தில் இருப்பதையெல்லாம் கிழிக்கும். ஒன்றும் எட்டாவிட்டால் சங்கிலியையே கடித்துக் கோரைப்பல்லை உடைத்துக்கொள்ளும்.

*பசியும் புழுவும்.* வெறும் பால்சோறும் தயிர்சோறும் மட்டும் கொடுத்து வளர்க்கப்படும் குட்டிக்கு வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் போதாது. அவித்த முட்டையோ எலும்பு நீக்கிய அவித்த கோழிக்கறியோ அதன் சோற்றில் தவறாமல் சேர வேண்டும். வயிற்றுப்புழு இருந்தாலும் குட்டி மண், துணி, சாணம் என்று தின்னத் தேடும். பிறந்த இரண்டு மூன்று வாரத்திலேயே குடற்புழு மருந்தைத் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்து வந்து, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடருங்கள்.

*தனிமைப் பயம்.* நீங்கள் கிளம்பிய சிறிது நேரத்திலேயே வாசற்கதவையும் சன்னல் சட்டத்தையும் குறிவைத்துக் கடிப்பது, எச்சில் ஒழுக ஊளையிடுவது, போன இடமெல்லாம் சிறுநீர் கழிப்பது ஆகியவை பயத்தின் அடையாளங்கள். இதற்கான வழி பின்னால் தனியாக வருகிறது.

இவை தவிர ஒன்றை எப்போதும் நினைவில் வையுங்கள். தடுப்பூசி போடாத நாய் திடீரென்று குணம் மாறி, கல்லையும் கட்டையையும் கண்டபடி கடிக்கிறது, குரல் மாறிவிட்டது, வாயில் எச்சில் ஒழுகுகிறது என்றால் அது வெறிநோயாக இருக்கலாம். அதன் அருகில் போகாதீர்கள், யாரையும் போகவிடாதீர்கள். உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

முதல் வேலை உங்களுடையது: எட்டாமல் வைப்பது

நாய்க்குப் பாடம் தொடங்கும் முன் வீட்டை ஒதுங்க வையுங்கள். ஒவ்வொரு முறை செருப்பு வாயில் அகப்படும்போதும் ‘செருப்பு நல்ல விளையாட்டுப் பொருள்’ என்று நாய் ஒருமுறை படித்துக்கொள்கிறது. அகப்படாத பொருளின் மேல் பழக்கம் வளராது. குட்டியின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத ஒயரும் பையின் வாரும் அப்போது கண்ணில் படும்.

*வாசல்.* நம் ஊரில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். அதனால் முதலில் பலியாவது செருப்புதான். காலின் வியர்வை வாசனை ஏறியது, கடிக்க மெத்தென்று இருப்பது, தரையிலேயே கிடப்பது என்று நாயை இழுக்கும் மூன்று குணங்களும் அதில் உண்டு. இடுப்புயரத்தில் ஒரு பலகை அடித்து, விருந்தாளியின் செருப்பு உட்பட எல்லாம் அதன்மேல் என்று வீட்டுக்குச் சட்டம் வையுங்கள். பழைய செருப்பு ஒன்றை ‘இதைக் கடிச்சுக்கோ’ என்று கொடுப்பது பெரிய தவறு. பழையது எது, நேற்று வாங்கியது எது என்று நாய்க்குத் தெரியாது.

*கூடம்.* சார்ஜர் ஒயர், டிவி ஒயர், ஃபேன் ஒயர் ஆகியவை உயிருக்கே ஆபத்து. ஒயரைச் சுவரோடு சேர்த்து அடியுங்கள். தரையில் ஓடும் ஒயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்துங்கள். செல்போன் ஏற்றி முடிந்ததும் சுவிட்சை அணைத்து ஒயரைக் கழற்றிவிடுங்கள். பட்டன் பேட்டரி உள்ள ரிமோட்டையும் பொம்மையையும் அலமாரிக்குள் வையுங்கள். பேட்டரி தொண்டையிலோ வயிற்றிலோ தங்கினால் சதையை அரித்துவிடும். பாயைச் சுருட்டி நிறுத்துங்கள்.

*அடுப்படி, பூஜை மாடம்.* குப்பைக்கூடைக்கு மூடி வேண்டும். கோழி சமைத்த நாளில் எலும்பு, சாந்து ஒட்டிய காகிதம், கறி வாங்கிய பிளாஸ்டிக் பை ஆகியவற்றை அன்றே வெளியே சேர்த்துவிடுங்கள். கற்பூரம், அந்துருண்டை, கொசுவர்த்தி, கொசு விரட்டித் திரவம், மாத்திரை அட்டை எல்லாம் நாய்க்கு நஞ்சு. புகையிலைப் பொட்டலமும் பீடித்துண்டும் அப்படியே.

*தோட்டம்.* அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் விஷம். குட்டி வளரும் வீட்டில் அரளிக்கு வேலி கட்டுங்கள். ஆமணக்கு விதையும், உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கும் கொடியவை. புண்ணாக்கின் மணம் நாயை வா என்று அழைக்கும் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

*கழனி.* கரும்பிலும் மரவள்ளியிலும் போட்டிருக்கும் சொட்டுநீர்க் குழாயைக் காவல் நாய் கடித்துவிடுகிறது என்பது உழவர்கள் அடிக்கடி சொல்லும் குறை. வெயிலில் தாகமெடுத்த நாய்க்குத் தண்ணீர் மணக்கும் இடம் அந்தக் குழாய்தான். வரப்போரம் நிழலில் ஒரு மண்தொட்டி வைத்து, காலையிலும் மதியமும் தண்ணீர் மாற்றி ஊற்றுங்கள். பல இடங்களில் இந்த ஒன்றே குழாயைக் காப்பாற்றிவிடும். மோட்டார் கொட்டகைக்குக் கதவு இருக்கட்டும். ஸ்டார்ட்டர் ஒயர் தரையில் கிடக்கக் கூடாது. எலி மருந்து வைத்த கழனிக்கு நாயைக் கூட்டிப் போகாதீர்கள். பூச்சிமருந்துப் புட்டியை வரப்பில் வீசாதீர்கள்.

கடிக்க எதைக் கொடுப்பது

வீடு ஒதுங்கியதும் நாய்க்கென்று மூன்று நான்கு பொருட்களை ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் போடாமல் இரண்டு இரண்டாக மாற்றிக் கொடுத்தால் அலுக்காது. பொருளைத் தேர்ந்தெடுக்க இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது நகச் சோதனை. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சிறு பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் அது நாயின் பல்லுக்கு மிகக் கடினம், உடையப்போவது பல்தான். இரண்டாவது அளவுச் சோதனை. நாயின் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவு இருக்க வேண்டும். கடித்துக் கடித்துச் சிறிதானதும் எடுத்து எறிந்துவிடுங்கள்.

பல் முளைக்கும் குட்டிக்குக் குளிர்ச்சிதான் மருந்து. கெட்டியான பருத்தித் துணியைப் பின்னி இரண்டு முனையிலும் முடிச்சிட்டு, தண்ணீரில் நனைத்து, குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் வைத்துக் கொடுங்கள். நூல் பிரியத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். குளிர வைத்த பெரிய கேரட்டும் நல்லது. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கொடுத்து, துண்டாக விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்குவதானால் நடுவில் குழியுள்ள கெட்டி ரப்பர் பொம்மை ஒன்று வாங்குங்கள். அதன் குழியில் உப்பில்லாத கம்பங்கூழையோ கேழ்வரகுக் கூழையோ தயிர் கலந்து அடைத்து உறைய வையுங்கள். அதை நக்கியும் கடித்தும் எடுக்க நாய்க்கு வெகுநேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் அது உங்கள் சாமானை நினைக்காது. பிசினும் பின்னும் இல்லாத அட்டைப்பெட்டிக்குள் சில அவித்த கறித்துண்டுகளைப் போட்டு மூடிக் கொடுத்தாலும் கிழித்து மகிழும். அட்டையைத் தின்கிற நாய்க்கு மட்டும் இது வேண்டாம்.

கொடுக்கக் கூடாதவை பல. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மக்காச்சோளம் விளையாத பக்கம் குறைவு. மணி உதிர்த்த சோளக்கட்டை நாய்க்கு விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும். விழுங்கினால் அது செரிக்காது. குடலில் அடைத்துக்கொள்ளும், அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். மாங்கொட்டையும் அப்படியே. பொங்கல் நாளில் துப்பிய கரும்புச் சக்கையைக் கூட்டி அள்ளிவிடுங்கள். தேங்காய் மட்டையின் நார் வயிற்றில் திரளும். கொட்டாங்குச்சி பல்லை உடைக்கும். கல்வராயன் மலையிலும் சின்னசேலம் பக்கத்திலும் விளையும் மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகக் கடிக்கவிடாதீர்கள். அதில் சயனைடு நஞ்சு உண்டாகும். சமைத்த எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். கெட்டியான பச்சை எலும்பிலோ மேல்தாடைக் கடைவாய்ப் பல் பிளந்துவிடும்.

பாயசத்து உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால் ஆகிய எல்லாமே நஞ்சு. பாராசிட்டமால் போன்ற நம் மாத்திரைகளை நாய்க்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

‘விடு’ என்ற ஒரு சொல்

நாய் கடித்துக்கொண்டிருக்கும் பொருளை வாங்க, வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஆயா ‘சீ, போ’ என்பதும், பையன் ‘டேய் மணி, குடுடா’ என்பதும், அப்பா ‘விடு’ என்பதுமாக இருந்தால் நாய்க்கு எதுவும் பிடிபடாது. ‘விடு’ என்று வைத்துக்கொண்டால் ஆயாவிடமும் சொல்லி வையுங்கள்: “ஆயா, இனிமே நாம எல்லாரும் ‘விடு’ன்னுதான் சொல்லணும், கோவமா சொல்லாத, சாதாரணமா சொல்லு.”

பழக்கும் முறை:

1. நாய்க்கு அனுமதித்த பொம்மை ஒன்றைக் கொடுங்கள். கடிக்கத் தொடங்கட்டும்.
2. அவித்த கோழிக்கறித் துண்டு ஒன்றை அதன் மூக்கருகே நீட்டுங்கள். அதைத் தின்ன வாய் தானாகத் திறக்கும். பொம்மை விழும் அந்த நொடியில் ‘விடு’ என்று சொல்லுங்கள்.
3. கறியைக் கொடுங்கள், பொம்மையையும் திருப்பிக் கொடுங்கள். இது மிக முக்கியம். விட்டால் இழப்பு இல்லை, லாபம்தான் என்று நாய் புரிந்துகொள்ளும்.
4. ஒரு வேளைக்கு நான்கைந்து முறை, சில நாள் இப்படியே செய்யுங்கள். பிறகு கறியைக் காட்டாமல் முதலில் ‘விடு’ என்று சொல்லுங்கள். விட்ட பிறகு கொடுங்கள்.
5. பொம்மையில் நன்றாகப் பழகியபின் துணி, காகிதம் என்று அது அதிகம் விரும்பும் பொருள்களுக்கு மாறுங்கள். அவற்றுக்குப் பதில் அதன் பொம்மையைக் கொடுத்து, அதைக் கடிக்கும்போது மனதாரப் பாராட்டுங்கள்.

நாய் செருப்போடு ஓடினால் துரத்தாதீர்கள். துரத்தினால் அதற்கு அது ஓட்டப் பந்தயம். நாளைக்கும் செருப்பைத் தேடும். எதிர்த் திசையில் நடந்து, அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் பொருளை மாற்றிக் கொடுங்கள். வாயைப் பிளந்து விரலை விட்டுப் பிடுங்குவது உயிர் ஆபத்து என்றால் மட்டுமே செய்ய வேண்டியது. அடிக்கடி பிடுங்கப்படும் நாய் இரண்டு பாடம் கற்கும். ஒன்று, உறுமுவது. இன்னொன்று, அகப்பட்டதை உடனே விழுங்கிவிடுவது.

விளையாட்டில் குட்டியின் பல் கையில் பட்டு ரத்தம் வந்தால் அலட்சியம் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் மீண்டும் போட்டு வருவது உங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் காவல்.

கசப்புத் தடவுவது பற்றி

நகர்த்த முடியாத பொருட்களுக்கு மட்டும் இது உதவும்: கட்டில் கால், கதவுச் சட்டம், மரப் பெஞ்சு. நாய்களுக்கென்று கடைகளில் கசப்புத் தெளிப்பான் கிடைக்கிறது. அவற்றில் பலவற்றில் இருப்பது டெனாடோனியம் பென்சோயேட். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1958இல் கண்டறியப்பட்ட இது, உலகிலேயே மிகக் கசப்பான பொருளாக அறியப்படுகிறது. தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரும் சில நாய்களிடம் பலிக்கும். முதலில் மறைவான இடத்தில் தடவி, சாயம் போகிறதா என்று பாருங்கள். வாசனை குறையக் குறைய மறுபடி தடவ வேண்டும்.

மிளகாய்த்தூள் வேண்டாம். அது கண்ணிலும் மூக்கிலும் புண்ணாக்கி நாயைத் துடிக்கவைக்கும். வேப்பெண்ணெயும் வேண்டாம், நக்கி வயிற்றுக்குள் போனால் கேடு. எந்தக் கசப்பும் தனியாக நின்று வேலை செய்யாது. கசக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில் இனிக்கும் பொம்மை ஒன்று கிடக்க வேண்டும்.

ஓடவிடுங்கள், முகரவிடுங்கள்

களைத்த நாய் தூங்கும். களைக்காத நாய் வேலை தேடும். காலையில் வெயில் ஏறும் முன்பும் மாலையில் வெயில் சாய்ந்த பின்பும் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்லுங்கள். மணலூர்பேட்டைக்காரர்களுக்கு ஆற்று மணல் பெரிய கொடை. அங்கே நாய் தோண்டலாம், முகரலாம், ஓடலாம். கோடையில் மணல் சுட்டால் பாதம் வெந்துவிடும். உங்கள் புறங்கையை மணலில் வைத்துப் பார்த்து, சூடு தாங்கினால் மட்டும் இறக்குங்கள். சாத்தனூர் அணையிலிருந்து தண்ணீர் திறக்கும் நாட்களில் ஆற்றுப் பக்கமே வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேறியதை இந்தக் கரை மறக்காது.

நடக்கும்போது அவசரப்படுத்தாதீர்கள். வேலியோரம் முகர்ந்து முகர்ந்து போவது நாயின் மூளைக்கு வேலை. வீட்டில் சோற்றையும் தட்டில் கொட்டாமல் ஒரு பங்கைத் தாழ்வாரத்தில் அங்கங்கே ஒளித்து வைத்துத் தேடச் செய்யலாம்.

சின்னக் குட்டிக்கு ஓட்டத்தைவிடத் தூக்கம் முக்கியம். நாளில் 18 மணி நேரம்வரை அது தூங்க வேண்டும். பிள்ளைகள் தொடர்ந்து எழுப்பி விளையாடினால் அலுப்பில் கண்டபடி கடிக்கும். அப்போது அதட்டாமல், அமைதியான மூலையில் சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள்.

நாயை நாள் முழுவதும் கட்டிப்போடுவது கடிக்கும் பழக்கத்தை வளர்க்கும் வழி. சட்டமும் அதை ஏற்கவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயைத் தேவையான அளவு நடமாடவிடாமல் இருப்பதை உரிமையாளரின் குற்றமாகச் சொல்கிறது.

தனியே விட்டுப் போகும்போது

நடவுக்கோ சந்தைக்கோ கிளம்பினால் நாய் தனியாகிறது. நீங்கள் திரும்பி வருவீர்கள் என்ற நம்பிக்கையை அதற்குச் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். சாவியை எடுத்து, மீண்டும் வைத்துவிடுங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்காருங்கள். கதவைச் சாத்தி ஒரு நிமிடம் வெளியே நின்று, நாய் பதறும் முன் உள்ளே வாருங்கள். பிறகு ஐந்து நிமிடம், பத்து, அரைமணி என்று நீட்டுங்கள். பதறினால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். கிளம்பும்போதும் வரும்போதும் பெரிய கொஞ்சல் வேண்டாம். உறைந்த கூழ் அடைத்த ரப்பர் பொம்மையை நீங்கள் வெளியே போகும் வேளைக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

தை மாதம் ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்குத் தென்பெண்ணைக்கு வருகிறார். சுற்றுவட்டாரமே கரையில் கூடுகிறது. வீடுகள் பூட்டிக் கிடக்க, வெளியே மேளமும் வெடியும் கூட்டச் சத்தமுமாக இருக்கும் அந்த நாள் நாய்க்குப் பயம் மிகுந்த நாள். காலையிலேயே நன்றாக நடத்திக் கூட்டி வாருங்கள். ஒயரும் துணியும் இல்லாத உள்ளறையில் சன்னலைச் சாத்தி, தண்ணீர், படுக்கை, அதன் பொம்மைகளோடு விடுங்கள். ஃபேனை ஓடவிட்டால் வெளிச்சத்தம் சற்று அமுங்கும். வீட்டில் ஒருவர் முறை வைத்து இருக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. தீபாவளிக்கும் இதே ஏற்பாடுதான். கடுமையாக நடுங்கும் நாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே ஆலோசனை கேளுங்கள்.

அடித்தால் திருந்துமா?

திருந்தாது. கழனியிலிருந்து வந்து கிழிந்த பாயைக் காட்டி அடிக்கும்போது, நாய் அந்த அடியை மணிக்கணக்கில் முந்திய செயலோடு சேர்த்துப் பார்க்காது. நீங்கள் வீட்டுக்கு வருவதோடுதான் சேர்த்துப் பார்க்கும். அதனால் உங்கள் வருகையே அதற்குப் பயமாகிவிடும். பயந்த நாய் இன்னும் அதிகமாகக் கடிக்கும்.

‘தப்புச் செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள், காதை மடக்கிக்கொண்டு ஒதுங்குகிறது’ என்று சொல்வோர் உண்டு. நியூயார்க்கிலுள்ள பர்னார்டு கல்லூரியின் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். திரும்பியதும், நாய் தின்றது என்றோ தின்னவில்லை என்றோ, சில வேளை உண்மைக்கு மாறாகவும், அவரிடம் சொல்லப்படும். 14 நாய்களிடம் பார்த்ததில், அந்தக் குற்ற முகம் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து அமையவில்லை. திட்டு வாங்கியதைப் பொறுத்தே அமைந்தது. ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களின் முகத்தில் அது இன்னும் அழுத்தமாகவே தெரிந்தது. நாம் குற்ற உணர்ச்சி என்று நினைப்பது நம் கோபத்தைப் பார்த்து வந்த பயம்.

கடித்துக்கொண்டிருக்கும்போதே பார்த்தால் ‘விடு’ சொல்லி மாற்றிக் கொடுங்கள். கடித்து முடித்த பிறகு பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் கூட்டி அள்ளிவிட்டு, அந்தப் பொருள் எப்படி எட்டியது என்று யோசியுங்கள்.

ஆபத்து வேளையில்

*ஒயரைக் கடித்து மின்சாரம் தாக்கினால்:* நாயைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரலில் நீர் கோர்ப்பது சில மணி நேரம் கழித்துத் தெரியலாம்.

*செருப்பு வார், துணி, சோளக்கட்டை விழுங்கினால்:* திரும்பத் திரும்ப வாந்தி, சோறு மறுப்பு, முக்கியும் மலம் வராமை, வயிற்று வலியால் முதுகை வளைத்து நிற்பது ஆகியவை அடைப்பின் அடையாளங்கள். காத்திருக்காதீர்கள். ஆசன வாயில் நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள். உள்ளே குடலை அறுத்துவிடும்.

*நஞ்சு தின்றால்:* உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். உப்பே உயிரை எடுத்துவிடக்கூடும். எதைத் தின்றது, எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு, புட்டியையோ அட்டையையோ இலையையோ கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு விரையுங்கள். கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைத்து வழி கேட்கலாம். உங்கள் பகுதி கால்நடை மருத்துவரின் எண்ணை இன்றே கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்?

பல் முளைக்கும் கடி ஏழாவது மாதத்தோடு தணியும். வாலிபக் கடி ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் அடங்கும், நீங்கள் இடையில் வழியை மாற்றாமல் இருந்தால். ஒரு நாள் சிரித்துவிட்டு மறுநாள் அடிக்கும் வீட்டில் அது இழுத்துக்கொண்டே போகும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல், ஒரே சட்டம் என்று இருந்தால் சில வாரங்களிலேயே மாற்றம் தெரியும். நாய் செருப்பருகே போய் முகர்ந்துவிட்டு, தன் பொம்மையைத் தேடிப் போகும் நாளில் மனம்விட்டுப் பாராட்டுங்கள்; பாடம் ஏறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

சாமானைக் கடிக்கிறது என்ற காரணத்துக்காகக் குட்டியை ஆற்றங்கரையிலும் சந்தையிலும் விட்டுவிட்டு வருவோர் இருக்கிறார்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும் நிலையில் விலங்கைக் கைவிடுவது அதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். சட்டத்துக்கும் மேலாக, அது நம்மை நம்பி வந்த உயிர். உங்களால் முடியவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள், வளர்க்க விருப்பமுள்ள வீட்டைத் தேடிக் கொடுங்கள். அதற்கு முன், இந்த அத்தியாயத்தில் சொன்ன மூன்றையும் ஒரு மாதம் விடாமல் செய்து பாருங்கள்: உங்கள் பொருளை எட்டாமல் வையுங்கள், அதற்கென்று பொருள் கொடுங்கள், தினமும் இரு வேளை நடத்திக் கூட்டிப் போங்கள். நாயைக் கைவிடும் எண்ணம் வந்த வீடுகளில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் விட்டுப்போயிருக்கும்.